இரத்தக் கொழுப்பும் இதய நலமும் – "அளவு" என்பது எவ்வளவு?

(ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர்)

சென்ற ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், நமது ஒன்றியத்தைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றில் கிராம சபை கூடிற்று. குடிநீர்க் குழாய், தெரு விளக்கு, இடுகாட்டுப் பாதை ஆகியன பற்றிய தீர்மானங்கள் நிறைவேறின. காந்தியடிகள் பிறந்த நாளாதலின் மதுவின் தீமை குறித்து நாமும் சில சொற்கள் கூறினோம். ஆண்டுதோறும் நாம் கூறுவதும், ஆண்டுதோறும் மக்கள் கேட்டுக்கொள்வதும் வழக்கமாகிவிட்ட ஒன்றே. கூட்டம் கலையும் தறுவாயில், நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க விவசாயி ஒருவர் எழுந்து நின்றார்.

"ஐயா, அளவாகக் குடித்தால் நெஞ்சுக்கு நல்லதென்று பெரிய டாக்டர்களே எழுதியிருக்கிறார்களாமே? இரத்தத்திலே நல்ல கொழுப்பு கூடுமாமே? மெய்தானுங்களா?" என்று வினவினார்.

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. நாமும் புன்னகை செய்தோம். ஆயின், வேப்பமரத்தடியில் அமர்ந்திருந்த பெண்மணி ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய கணவர் அவ்வாண்டுத் தை மாதத்தில், வயலிலிருந்து திரும்பி வரும் வழியில் மாரடைப்பால் இறந்தவர். வயது 44. "எங்கள் வீட்டுக்காரரும் அளவாகத்தாங்க குடித்தார். அந்த அளவு எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லைங்க" என்று அவர் கூறினார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

அவ்விருவருக்கும் கூறத்தக்க விடை அன்று நம்மிடம் இல்லை. "மருத்துவரைக் கலந்துகொண்டு கூறுகிறோம்" என்று சொல்லித் திரும்பினோம். பின்னர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அதிகாரியிடம் பலமுறை சென்று கேட்டும், அவர் காட்டிய நூல்களையும் ஆய்வுரைகளையும் படித்தும் அறிந்துகொண்டவற்றை இங்கே முறைப்படுத்தித் தருகின்றோம். இதே வினா பிற ஊர்களிலும் எழக்கூடியதே. ஆதலின், கிராம சேவையில் ஈடுபட்டுள்ளோர் அனைவருக்கும் இது பயன்படும் என்பது நமது நம்பிக்கை.

இரத்தக் கொழுப்பு என்பது யாது?

எண்ணெய் தண்ணீரோடு கலவாது என்பதை யாவரும் அறிவர். இரத்தமோ பெரும்பாலும் நீரே. அந்நீரின் வழியாகக் கொழுப்பு உடலெங்கும் செல்ல வேண்டுமாயின், அதனை ஏற்றிச் செல்லும் வண்டிகள் வேண்டும். புரதத்தாலும் கொழுப்பாலும் ஆகிய நுண்ணிய உருண்டைகளே அவ்வண்டிகள். பரிசோதனைச் சீட்டில் நாம் காணும் பெயர்களிற் சில இவ்வண்டிகளின் பெயர்கள். சில அவற்றில் ஏற்றப்பட்ட சரக்கின் பெயர்கள்.

எல்.டி.எல். என்னும் வண்டி, கொலஸ்டிரால் என்ற பொருளை உடலின் உறுப்புகளுக்குக் கொண்டு செல்கிறது. இவ்வண்டிகள் தேவைக்கு மிஞ்சிப் பெருகினால், இரத்தக் குழாயின் உட்சுவருக்குள் புகுந்து அங்கேயே சரக்கை விட்டுவிடுகின்றன. ஆண்டுக்கணக்கில் படியும் இப்படிவு ஒருநாள் வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, இதயத்துக்குச் செல்லும் குழாய் அடைபடுமாயின் அதுவே மாரடைப்பு. எச்.டி.எல். என்னும் வண்டியோ மிஞ்சிய கொலஸ்டிராலைத் திரட்டிக் கல்லீரலுக்கு மீட்டுச் செல்வது. இதனையே மக்கள் "நல்ல கொழுப்பு" என்கின்றனர். மூன்றாவதாக டிரைகிளிசரைடு என்னும் சரக்கு உண்டு. நாம் உண்டதில் மிஞ்சிய மாவும் சர்க்கரையும், குடித்த மதுவும் கல்லீரலில் இவ்வுருவம் பெற்று இரத்தத்தில் ஏறுகின்றன.

உடல்நலமுள்ளவர்க்கு ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் எல்.டி.எல். 100 மில்லிகிராமுக்குக் கீழும், டிரைகிளிசரைடு 150-க்குக் கீழும் இருத்தல் நன்று. எச்.டி.எல். ஆடவர்க்கு 40-க்கும், பெண்டிர்க்கு 50-க்கும் குறையலாகாது. இந்நான்கு எண்களையும் நினைவிற் கொண்டால், பரிசோதனைச் சீட்டை எவரும் ஓரளவு படித்துணரலாம்.

இரண்டு சீட்டுகள்

நவம்பர் மாதத்தில் அவ்வூர்ப் பள்ளிக்கூடத்தில் இரத்தப் பரிசோதனை முகாம் நடைபெற்றது. பிறருக்குச் சொல்லுமுன் தாம் செய்து காட்டல் முறையன்றோ? ஆதலின் வரிசையில் முதலாவதாக நாமே நின்றோம். கிராம சபையில் வினா எழுப்பிய விவசாயியும் வந்திருந்தார். அவர் இசைவுடன் இருவர் கணக்கையும் இங்கே தருகிறோம்.

அவர் நாள்தோறும் மாலையில் ஒரு குவார்ட்டர் பிராந்தி அருந்துபவர். உடல் வலி தீரவே குடிப்பதாகச் சொல்லுவார். அவருக்கு எச்.டி.எல். 46, டிரைகிளிசரைடு 418. நாமோ மதுவைத் தொட்டதில்லை. நமக்கு எச்.டி.எல். 34, டிரைகிளிசரைடு 236.

சீட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்த அவர், "பார்த்தீர்களா ஐயா, நல்ல கொழுப்பு எனக்குத்தானே அதிகம்!" என்று சிரித்தார். அவர் கூறியது உண்மையே. மது எச்.டி.எல். அளவை உயர்த்தும் என்பது பொய்யன்று. அது பலமுறை மெய்ப்பிக்கப்பட்ட செய்தி. ஆனால் அவ்வுயர்வு இதயத்தைக் காக்கிறதா என்பதே வினா. மேலும், குடியாத நமது இரத்தத்தில் கொழுப்பு மிகுந்தது எவ்வாறு என்பதும் விடை வேண்டும் வினாவே. முதல் வினாவை முதலில் எடுத்துக்கொள்வோம்.

"சிறிது குடிப்பது நன்று" என்ற கருத்து எவ்வாறு பிறந்தது?

பிரெஞ்சு மக்கள் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் மிகுதியாக உண்கின்றனர். ஆயினும் அவர்களிடையே மாரடைப்புச் சாவு குறைவு. இது எவ்வாறு என்ற கேள்விக்கு, அவர்கள் உணவோடு அருந்தும் திராட்சை மதுவே காரணமாகலாம் என்று 1992-ஆம் ஆண்டு செர்ஜ் ரெனோ என்ற பிரெஞ்சு அறிஞரும் அவருடைய சகாவும் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினர். அதற்கு முந்திய ஆண்டே அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று இக்கருத்தை ஒளிபரப்ப, அந்நாட்டில் சிவப்புத் திராட்சை மதுவின் விற்பனை ஓங்கிற்று. வேறு பல ஆய்வுகளிலும், அறவே குடியாதவரைக் காட்டிலும் சிறிதளவு குடிப்பவர்க்கு இதய நோய் குறைவாகவே தோன்றியது. நம் விவசாயியின் காதுக்கு எட்டியது இச்செய்தியே.

ஆனால் "குடியாதவர்" என்பவர் யார்? நம் ஊர்த் தெரு ஒன்றை எண்ணிப் பார்ப்போம். குடியாதோர் பட்டியலில் என்றுமே குடித்தறியாதவர் சிலர் இருப்பர். மஞ்சட்காமாலை வந்து மருத்துவர் தடுத்ததால் விட்டவரும், நெஞ்சுவலி கண்டு அஞ்சி விட்டவரும், முதுமையால் விட்டவரும் அதே பட்டியலில்தான் இருப்பர். நோயால் குடியை விட்டவரையும் சேர்த்து எண்ணினால், குடியாதவர் கூட்டமே நோயுற்ற கூட்டமாகத் தோன்றும். குடிப்பவர் நலமுள்ளவராகத் தோன்றுவர். பிரிட்டனில் 24 நகரங்களைச் சேர்ந்த நடுவயது ஆடவரை ஆராய்ந்த ஷேப்பர் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் இப்பிழையை 1988-ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டினர். அன்றியும், அந்நாடுகளில் உணவோடு ஒரு குவளை மது அருந்தி நிறுத்திக்கொள்வோர் பெரும்பாலும் வசதியும் கல்வியும் உடையவர். நல்லுணவும் நல்ல மருத்துவமும் பெறுபவர். அவர்தம் நலத்துக்குக் குவளை காரணமா, வசதி காரணமா?

இதனைப் பிரித்தறிய ஆய்வாளர்க்கு இயற்கையே ஒரு வழி காட்டியது. கிழக்காசிய மக்களிற் பலர்க்குப் பிறவியிலேயே மது ஒவ்வாது. சிறிது குடித்தாலும் முகம் சிவந்து தொல்லையுறுவர். ஆகவே குறைவாகவே குடிப்பர். இது நோயாலோ செல்வத்தாலோ வந்த வேறுபாடன்று. பிறப்பால் விழுந்த சீட்டு. சீனத்தில் ஐந்து லட்சம் பேரைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வொன்று, இப்பிறவி வேறுபாட்டைக் கொண்டு ஒப்பிட்டு 2019-இல் முடிவு கூறிற்று. மது கூடக் கூட இரத்த அழுத்தமும் மூளை இரத்தக் குழாய் நோயும் படிப்படியாகக் கூடுகின்றன. சிறிதளவு மது காப்பளிக்கும் என்பதற்குச் சான்றில்லை. மாரடைப்பைப் பொறுத்தவரையிலும் மதுவால் தெளிவான நன்மை காணவில்லை என்பதே அம்முடிவு. இந்தியத் தொழிலகங்களைச் சேர்ந்த ஆடவரிடையே நடத்தப்பெற்று 2010-இல் வெளிவந்த ஆய்விலும், குடிப்பவர்க்கு இதய நோய் குறைந்திருக்கவில்லை, கூடியே இருந்தது.

அவ்வாறாயின், மதுவால் உயரும் எச்.டி.எல். என்ன ஆயிற்று? இதற்கு நம் ஊராட்சி அனுபவமே விடை தரும். ஓர் ஊரில் குப்பை வண்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டால் மட்டும் தெரு தூய்மையாகிவிடுமா? வண்டிகள் ஓட வேண்டும், அள்ள வேண்டும், கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். எச்.டி.எல். அளவைப் பெரிதும் உயர்த்தும் டார்செட்ராபிப் என்ற மருந்து ஒன்றைப் பதினையாயிரம் பேரிடம் சோதித்தனர். நல்ல கொழுப்பு மிகுதியாக உயர்ந்தது. ஆனால் மருந்து உண்டவரிடையே சாவும் உயர்ந்ததால் 2006-ஆம் ஆண்டு டிசம்பரில் சோதனையை நிறுத்திவிட்டனர். சீட்டில் எண் உயர்வது வேறு. குழாய் தூய்மையாவது வேறு என்பது இதனால் விளங்கும்.

அறிஞரிடையே சிறிதளவு மது பற்றிய விவாதம் முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை என்பதையும் மறைத்தல் தகாது. ஆயினும் இதயத்தைக் காக்கும் பொருட்டுக் குடிக்கத் தொடங்குக என்று எந்தப் பொறுப்புள்ள மருத்துவ அமைப்பும் கூறவில்லை. தீங்கற்ற அளவு என்று மதுவில் ஒன்றைச் சொல்ல இயலாது என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்துள்ளது. புற்றுநோய் விளைப்பனவற்றின் பட்டியலில் மது 1988 முதலே இடம்பெற்றுள்ளது.

"அளவு" எவ்வளவு?

இனி அப்பெண்மணி கேட்ட கேள்விக்கு வருவோம். மேனாட்டு ஆய்வுகளில் "அளவாக" என்று கூறியது, நாளொன்றுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு சிறு குவளை. ஒரு குவளையில் உள்ள தூய ஆல்கஹால் 10 முதல் 14 கிராம் வரை இருக்கும்.

நம் ஊரில் "அளவு" என்று வழங்குவது ஒரு குவார்ட்டர். அதாவது 180 மில்லிலிட்டர். இங்கு விற்கும் பிராந்தி, விஸ்கி வகைகளில் ஏறத்தாழ 43 சதவிகிதம் ஆல்கஹால். கணக்கிட்டால் ஒரு குவார்ட்டரில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால் உள்ளது. முப்பது மில்லி கொள்ளும் சிறு குவளை ஒன்றுக்குப் பத்துக் கிராம். குவார்ட்டர் என்பது அத்தகைய ஆறு குவளை. மேனாட்டார் "அளவு" என்று கூறிய ஒரு குவளையைப் போல் நான்கு முதல் ஆறு மடங்கு! அவர்கள் ஆய்விலேயே இது "மிகுகுடி" என்னும் தலைப்பில் எழுதப்படும். ஒரே சொல், இரு நாட்டில் இரு பொருள். சொல்லைக் கடன் வாங்கிய நாம், அளவையைக் கடன் வாங்க மறந்தோம்.

அறுபது கிராம் ஆல்கஹால் உடலில் 420 கலோரி தரும். கல்லீரல் மதுவை நஞ்செனக் கண்டு, மற்ற வேலைகளை ஒதுக்கி அதனையே முதலில் எரிக்கும். அவ்வேளையில் எரிய வேண்டிய கொழுப்பு எரியாமல் தேங்கும். புதுக் கொழுப்பும் உருவாகும். அது டிரைகிளிசரைடாக இரத்தத்தில் ஏறும். உடன் உண்ணும் வறுவலும் முறுக்கும் இதற்குத் துணை சேர்க்கும். இது 500-க்கு மேல் ஏறுமாயின் கணையம் அழன்று உயிருக்கே இடர் நேரலாம். நம் விவசாயி அவ்வெல்லைக்கு அண்மையிலேயே நின்றார்.

இறந்துபோனவரின் மரணத்துக்கு மது ஒன்றே காரணம் என்று நாம் துணிந்து கூற இயலாது. அவருக்குப் பீடிப் பழக்கமும் இருந்தது. இரத்த அழுத்தம் அளக்கப்பட்டதே இல்லை. ஆனால் அவர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்ட "அளவு" என்னும் ஆறுதல் வெறும் சொல்லே என்பதை மட்டும் உறுதியாகக் கூறலாம்.

குடியாதவர்க்கும் கொழுப்பு ஏறுவதேன்?

இனி இரண்டாம் வினா. மது அருந்தாத நமக்கு 236 வந்தது எவ்வாறு? மருத்துவ அதிகாரி நம் அன்றாட உணவைக் கேட்டறிந்தார். காலையில் இட்டிலியும் பொங்கலும், நண்பகலில் சோறு மூன்று முறை வாங்கி உண்பது, ஆய்வுக்குச் செல்லுமிடமெல்லாம் சர்க்கரை மிகுந்த தேநீர், கூட்டந்தோறும் பஜ்ஜியும் வடையும், இரவில் தோசை. நடை என்பது ஜீப்பிலிருந்து அலுவலக வாயில் வரை. "நீங்கள் மதுவைக் குடிக்கவில்லை, ஆனால் அரிசியையும் சர்க்கரையையும் கல்லீரலுக்கு அதே வேலைக்கு அனுப்பியிருக்கிறீர்கள்" என்று அவர் கூறினார். தலைகுனிந்து கேட்டுக்கொண்டோம்.

இது நம் ஒருவர் கதையன்று. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய பகுதிகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2014-இல் வெளிவந்தது. அதன்படி நூற்றுக்கு 72 பேருக்கு எச்.டி.எல். குறைவு, ஏறத்தாழ 30 பேருக்கு டிரைகிளிசரைடு மிகுதி, மொத்தக் கொலஸ்டிரால் மிகுந்தவரோ 14 பேர் மட்டுமே. ஏதேனும் ஒரு குறையேனும் உள்ளவர் 79 பேர். பெரும்பாலான நம் பெண்டிர் மது அருந்துவதில்லை. எனினும் அவர்களுக்கும் இக்குறை உண்டு. மேனாட்டில் வெண்ணெயும் இறைச்சியும் செய்ததை, நம் நாட்டில் தீட்டிய அரிசியும் மாவும் சர்க்கரையும் வேறு வழியிற் செய்கின்றன. இந்தியர் உண்ணும் கலோரியில் 62 சதவிகிதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று 2025-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு கூறுகிறது. தானியங்களிலிருந்து வருவது 45 சதவிகிதத்துக்கு மிகாதிருத்தல் நலம் என்பது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு அறிவுரை.

உணவில் செய்யத்தக்க மாற்றங்கள்

சோற்றை விட்டுவிடுக என்று நாம் கூறவில்லை. சோற்றைக் குறைத்து, குறைந்த இடத்தில் பயறும் காயும் கீரையும் வைக்க வேண்டும் என்பதே கருத்து. கொள்ளு, பச்சைப்பயறு, மொச்சை, காராமணி இவற்றில் ஒன்று ஒவ்வொரு வேளையும் இலையில் இருத்தல் நன்று. அவரை, கொத்தவரை, வெந்தயம், கீரை வகைகளில் உள்ள நார்ச்சத்து குடலில் பித்த உப்பைப் பிடித்து வெளியேற்றும். புதிய பித்தம் செய்யக் கல்லீரல் இரத்தத்திலிருந்து கொலஸ்டிராலை இழுத்துக்கொள்ளும், எல்.டி.எல். குறையும். நம் முன்னோர் உண்ட கேழ்வரகு, கம்பு, சாமை, வரகு ஆகியவை தீட்டிய அரிசியினும் நார் மிகுந்தவை. ஆயினும் அவற்றையும் அளவின்றி உண்டால் பயனில்லை.

எண்ணெய் ஒருவருக்கு நாளொன்றுக்கு நான்கைந்து தேக்கரண்டி போதும். நால்வர் குடும்பத்துக்கு மாதம் மூன்று லிட்டருக்குள் அமையும். நிறைகொழுப்பு தேங்காயெண்ணெயில் பத்துக்கு ஒன்பது பங்கும், பாமாயிலில் ஏறத்தாழப் பாதியும் உள்ளது. கடலையெண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அதனினும் மிகக் குறைவு. ஆதலின் பாமாயில் பயன்படுத்துவோர் அதனை அளவோடு கொண்டு, நல்லெண்ணெயோ கடலையெண்ணெயோ இடையிடையே மாற்றிக்கொள்ளலாம். ஒருமுறை பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சுதல் கூடாது. உணவு எண்ணெயிலும் வனஸ்பதியிலும் மாறுபக்கக் கொழுப்பு நூற்றுக்கு இரண்டுக்கு மிகலாகாது என்ற சட்டம் 2022 முதல் நடைமுறையில் உள்ளது. எனினும் வனஸ்பதியில் செய்த பண்டங்களைக் குறைப்பதே அறிவுடைமை.

மீன் உண்போர்க்கு மத்தியும் அயிலையும் மலிவான நன்மருந்து. ஆனால் குழம்பாக வைத்து உண்ண வேண்டும், பொரித்தன்று. சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் அடங்க வேண்டும். கடைத் தேநீர் ஒன்றில் இரண்டு கரண்டி இட்டால் பத்துக் கிராம். மூன்றாவது தேநீரிலேயே வரம்பு கடந்துவிடும். உப்பு நாளொன்றுக்கு ஒருவர்க்கு 5 கிராம். ஊறுகாயும் அப்பளமும் அதனுள் அடக்கம்.

பின்லாந்து காட்டும் வழி

ஓர் ஊரே தன் உணவை மாற்றிக்கொள்ள இயலுமா என்று ஐயுறுவோர்க்குப் பின்லாந்து நாட்டின் வட கரேலியா என்னும் பகுதி விடை கூறும். மரம் வெட்டுவோரும் பால் மாடு வளர்ப்போரும் வாழ்ந்த கிராமப்புறம் அது. உழைப்பாளிகளான அந்நாட்டு ஆடவர் நடுவயதிலேயே மாரடைப்பால் மடிந்தனர். அவ்வட்டார மக்களின் பிரதிநிதிகளே 1971-இல் அரசுக்கு விண்ணப்பம் செய்தனர். 1972-இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் தலைமையில் திட்டம் தொடங்கிற்று.

அங்குக் கருவியாக அமைந்தது மதுவன்று. வெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெய், கொழுப்புக் குறைந்த பால், மிகுந்த காய்கறி, குறைந்த உப்பு, புகையிலை ஒழிப்பு, இரத்த அழுத்தச் சிகிச்சை ஆகியவையே கருவிகள். 'மார்த்தா' என்னும் மாதர் சங்கத்தினர் ஊர்தோறும் கூடி, பழைய பண்டங்களையே புதிய முறையில் சமைத்துக் காட்டினர். பால் விற்பனை குறையுமென்று கலங்கிய விவசாயிகள் சிலர் சிறுபழச் சாகுபடிக்குத் திரும்ப உதவி பெற்றனர். பின்னர் ஊர்களுக்கிடையே கொலஸ்டிராலைக் குறைக்கும் போட்டிகளும் நடந்தன. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளில், உழைக்கும் வயது ஆடவரிடையே இதய நோய்ச் சாவு எண்பது சதவிகிதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. சட்டத்தால் மட்டுமன்றி, மக்கள் கூடிச் செய்த முயற்சியாலும் விளைந்த பயன் இது.

நாம் செய்ய வேண்டுவன

1. முப்பது வயது கடந்தோர் அனைவரும் ஆண்டுக்கொருமுறை இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தக் கொழுப்பு ஆகியவற்றை அரசு சுகாதார நிலையத்தில் பரிசோதித்துக்கொள்ள ஊராட்சி தூண்ட வேண்டும். சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும்.

2. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் மாதம் ஒருமுறை சமையல் காட்சி நடத்தலாம். சுண்டல், கொள்ளுத் துவையல், கீரைக் கூட்டு, சிறுதானிய உணவு ஆகியவற்றை உரிய எண்ணெய் அளவுடன் செய்து காட்டலாம்.

3. ஊராட்சிக் கூட்டங்களிலும் ஒன்றியக் கூட்டங்களிலும் பஜ்ஜி, வடைக்கு மாற்றாகச் சுண்டலும் பழமும் வழங்க வேண்டும். நமது அலுவலகத்தில் இதனைத் தொடங்கிவிட்டோம்.

4. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் தோன்றி உயிருக்கு இடர் நேரலாம். ஆதலின் மருத்துவர் மேற்பார்வையிலேயே விட வேண்டும். வீட்டார் இதனை மறவாதிருக்க வேண்டும்.

5. நெஞ்சில் இறுக்கம், இடக்கை அல்லது தாடையில் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் தோன்றின் வாயுத் தொல்லை என்று காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும். 2023-இல் தொடங்கப்பெற்ற 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, முதலிற் கொடுக்க வேண்டிய மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் வைக்கப்பட்டுள்ளன.

முடிவுரை

மருத்துவர் மேற்பார்வையில் குடியை விட்டுச் சோற்றையும் குறைத்த நம் விவசாயிக்கு, நான்கு மாதங்கழித்து டிரைகிளிசரைடு 190 ஆயிற்று. எச்.டி.எல். 46-லிருந்து 43-க்கு இறங்கியது கண்டு அவர் சற்று வருந்தினார். மருத்துவ அதிகாரி சிரித்து, "போனது குப்பையற்ற காலி வண்டி, கவலை வேண்டாம்" என்றார். நமக்கு 236 குறைந்து 168 ஆகியுள்ளது. இன்னும் சிறிது வழி உண்டு. நாள்தோறும் காலையில் நடக்கின்றோம்.

மே முதல் நாள் கிராம சபையில் மீண்டும் அவ்வூரில் கூடினோம். இம்முறை மது குறித்து நாம் பேசவில்லை. வேப்பமரத்தடிப் பெண்மணி பேசினார். தம் மகனுக்கு இருபது வயதாகிறது என்பதைக் கூறித் தொடங்கினார். தண்ணீர் நிரப்பிய ஒரு காலிக் குவார்ட்டர்ப் புட்டியை மேசைமேல் வைத்து, முப்பது மில்லிக் குவளையால் ஒவ்வொன்றாக அளந்து ஆறு தம்ளர்களில் ஊற்றினார். அவற்றில் முதல் தம்ளரை மட்டும் சற்று முன்னே நகர்த்தி வைத்து, "மேல்நாட்டிலே அளவு என்று சொன்னது இதுங்க. இதுவும் மருந்தில்லை என்று இப்போது சொல்லியாகிவிட்டது. மீதி ஐந்தும் நாம் சேர்த்துக்கொண்டது" என்றார்.

கூட்டத்தில் அன்று யாரும் சிரிக்கவில்லை. அவ்வாறு தம்ளர்களையும் ஒவ்வோர் ஊராட்சியிலும் ஒருமுறை வைத்துக் காட்டுமாறு கிராம சேவையில் உள்ள அன்பர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.